எவர்சில்வர் குடத்துக்குப் போன புடவைகள்

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நான் படித்த பள்ளிக்கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. எழுதி வைத்தவர்கள் யாரும் கந்தையைக் கசக்கிக் கட்டிக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள். போயிருந்தால் தெரிந்திருக்கும். பந்தியில் இடம் கிடைப்பது இருக்கட்டும், பெற்ற பிள்ளையே பக்கத்தில் நிற்க யோசிப்பான். கோபம் அடங்கிய பிறகு இதை எழுதலாம் என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். அது அடங்குகிற வழியாக இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளில் நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். செம்பாக்கம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு மண் தெரு. அதில் பூசாத சுவரோடு நின்ற வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. அப்பா ரயில்வேயில் ரிட்டையர் ஆகி, பேப்பர் படிப்பதை முழுநேர உத்தியோகமாக எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் டைப்பிஸ்ட். அண்ணன் கல்யாணமாகி நங்கநல்லூரில் தனிக்குடித்தனம். அண்ணனை ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் இந்த விஷயத்தை எழுத உட்கார்ந்தால் பேனா ‘அவன்’ என்றுதான் போகிறது. போகட்டும்.

அம்மாவுக்குத் தோல் வியாதி. இடுப்பிலும் தோளிலும் முதுகிலும் தோல் சிவந்து செதில் செதிலாக உரியும். ஒட்டிக்கொள்கிற வியாதி இல்லை, ஆளைக் கொல்கிற வியாதியும் இல்லை. உட்கார விடாத, படுக்க விடாத வியாதி. புதுத் துணியோ, கஞ்சி போட்டதோ, நைலான் பாலியஸ்டர் வகையறாவோ பட்டால் போதும், அரை நாளில் அந்த இடம் ரணமாகிவிடும். டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, “மருந்து பாதிதாம்மா. மீதிப் பாதி நீங்க கட்டுற துணி. பருத்தி மட்டும் கட்டுங்க. அதுவும் புதுசு வேண்டாம், துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆனதா இருக்கணும்” என்றார். அன்றைக்கு எங்களோடு அண்ணனும் வந்திருந்தான். அவன் காதிலும்தான் அது விழுந்தது.

கடைக்குப் போனால் எந்தத் துணியும் வாங்கலாம். பழைய துணி மட்டும் வாங்க முடியாது. அதை நாம்தான் உண்டாக்க வேண்டும். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கைத்தறிப் புடவை ஒன்று எடுப்போம். முதலில் அதை நான் கட்டுவேன். ஆபீஸுக்கு, கடைக்கு, ரயிலுக்கு என்று மாற்றி மாற்றிக் கட்டித் துவைத்து, அதன் விறைப்பெல்லாம் என் உடம்பிலும் துவைக்கிற கல்லிலும் போன பிறகு, அது அம்மாவுக்குப் போகும். அதற்கு ஒரு வருஷம் ஆகும், சிலதுக்கு அதற்கு மேலும். கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். கொஞ்சம் சுரசுரப்பு இருந்தாலும் இன்னும் ஒரு மாதம் நானே கட்டுவேன்.

இதனால் எனக்குக் கிடைத்த பெயர் என்ன தெரியுமா? ‘புதுசெல்லாம் அவ கட்டிக்கிறா, கந்தலை அம்மாவுக்குத் தர்றா.’ முதலில் சொன்னது அண்ணி. அதைக் கேட்டுக்கொண்டு வந்து என்னிடமே சொன்னது என் கூடப் பிறந்தவன். டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். “அதுக்காக இப்படியா?” என்றான். தெருவில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதுதான் அவன் கவலை. தெருவில் போகிறவர்களுக்கா முதுகு எரிந்தது?

எங்கள் தெருத் தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அடிபம்பில் அடிக்கும்போது கண்ணாடி மாதிரி வரும். கொஞ்ச நேரம் வாளியில் விட்டால் மேலே பழுப்பாக ஆடை கட்டும். அதில் துவைத்தால் வெள்ளைத் துணி காவியாகிவிடும். சோப்பு நுரைக்காது. உப்பு நூலுக்குள் இறங்கி, காய்ந்த துணி அப்பளம் மாதிரி நிற்கும். அதைப் போய் அம்மாவின் தோலில் வைக்க முடியுமா? மழைக்காலத்தில் மொட்டை மாடித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைப்பேன். மற்ற நாளில் தெருக்கோடியில் ஒரு வீட்டுக் கிணறு. அந்தக் காலத்தில் அங்கே விவசாயம் பார்த்த குடும்பம். நிலமெல்லாம் பிளாட் போட்டு விற்ற பிறகும் கிணற்றை மட்டும் விற்காமல் வைத்திருந்தார்கள், புண்ணியவான்கள். அந்தத் தண்ணீரைப் பிளாஸ்டிக் குடத்தில் இடுப்பில் சுமந்து வந்து அலசுவேன். சோப்பு வாசனை போகும் வரை அலசுவேன். முறுக்க மாட்டேன், முறுக்கினால் இழை அறுந்துபோகும். உள்பக்கம் வெளியே தெரிய நிழலில் உலர்த்துவேன்.

பருத்தி மெத்தென்று ஆகிற நேரத்தில்தான் நைந்துபோகவும் ஆரம்பிக்கும். அதுதான் அதில் உள்ள துரோகம். இடுப்பில் செருகுகிற இடம் முதலில் போகும். அப்புறம் கால் விரல் மாட்டுகிற ஓரம், சேஃப்டி பின் குத்துகிற தோள். பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் கைக்குட்டைக்கு ஓரம் அடித்ததோடு என் படிப்பு முடிந்தது. மீதியைத் துணியைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றேன். புது நூலால் தைத்தால் அது பழைய துணியை அறுத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் புடவையின் உள்தலைப்பிலிருந்தே இழை இழையாக உருவி எடுத்து, அந்த இழையை ஊசியில் கோத்து, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுவேன். அதே நிறம், அதே வயசு. முடிச்சுப் போட மாட்டேன், முடிச்சு உறுத்தும். முடிந்ததும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்கூட எங்கே கிழிந்தது என்று தெரியாது. எனக்கு அதில் கர்வம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். கரை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால், ஒரு நாள் மேல்பக்கம் கீழாக, மறுநாள் கீழ்ப்பக்கம் மேலாக அம்மாவுக்குக் கட்டிவிடுவேன். தேய்வதும் பாதிப் பாதியாகப் போகும்.

இப்படி அம்மாவுக்கு என்று ஏழெட்டுப் புடவை சேர்ந்திருந்தது. வேப்பிலை போட்டு, பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி, பீரோவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன். மற்றவர்கள் பார்வைக்கு அது கந்தல் மூட்டை. எனக்கு அது அம்மாவின் தூக்கம்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருவான். வரும்போது ஒரு ‘ஃபாரின்’ புடவை கொண்டுவருவான். அப்போது அதுதான் மோகம். சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்ததை யாரோ விற்பார்கள். கசங்காது, சாயம் போகாது, ஒரு உதறு உதறினால் காய்ந்துவிடும். மோதிரத்துக்குள் விட்டு எடுத்துக்கூடக் காட்டுவார்கள். மோதிரத்துக்குள் நுழைகிற புடவையை வைத்து என்ன செய்வது? எங்கள் பிரச்சினை மோதிரமா?

“ரெண்டு பிள்ளைங்க சம்பாதிக்கிறோம். எங்க அம்மா கிழிசல் கட்டணும்னு தலையெழுத்தா?” என்று கேட்டுவிட்டு, அந்தப் புடவையை அம்மா மடியில் வைப்பான். அம்மா கண்ணில் தண்ணீர் வரும். ஆனந்தக் கண்ணீர் என்று அவன் நினைத்துக்கொள்வான்.

நான் அம்மாவின் மேல்தான் அதிகம் கோபப்பட்டேன். ஏனென்றால் அவள் அதைக் கட்டினாள். ஒவ்வொரு ஞாயிறும், அவன் வருகிற நேரத்துக்கு முன்னால், என் புடவையை அவிழ்த்துவிட்டு அவன் புடவையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். அவன் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, காபி குடித்துவிட்டுக் கிளம்பும் வரை சிரித்த முகமாக இருப்பாள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும், “அந்தத் தேங்காய் எண்ணெயை எடுத்துட்டு வாடி” என்பாள். இடுப்பைச் சுற்றிக் கோடு கோடாகச் சிவந்திருக்கும்.

“சொல்லித் தொலையேம்மா, ஒத்துக்கலன்னு.”

“ஆசையா வாங்கிட்டு வர்றான். எப்படிச் சொல்றது?”

“உனக்கு எரியுது, நான் துவைக்கணும், அவனுக்கு மட்டும் ஆசை!”

“கத்தாதே. வாரத்துக்கு ஒரு நாள்தானே.”

அப்பா பேப்பரைத் திருப்பிப் போடுவார். அவ்வளவுதான் அவர் பங்கு.

அப்பாவுக்கு அறுபது வந்தது. அறுபதாம் கல்யாணம் செய்தே தீருவது என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றான். மண்டபம், ஐயர், நாதஸ்வரம் எல்லாம் அவன் பொறுப்பு. அம்மாவுக்குக் கூறைப் புடவையும் அவனே எடுத்தான். தகதகவென்று பட்டு, ஒரு சாண் ஜரிகை. நான் தொட்டுப் பார்த்தேன், ஜரிகை ஓரம் விரலைக் கீறியது. “அம்மா இதுல எப்படி உட்காருவாங்க? சாதாரணமா ஒரு பழைய நூல் புடவைல உட்காரட்டும்” என்றேன்.

“அறுபதாம் கல்யாணத்துக்கு நூல் புடவையா? ஊரு உன்னையா கேக்கும்? என்னைத்தான் கேக்கும்” என்றான்.

கல்யாணத்துக்கு முந்தின வாரமே அண்ணி வந்து தங்கினாள். வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். ஒட்டடை, பரண், பழைய சாமான் எல்லாம் வெளியே வந்தது. புதன்கிழமை சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து திரும்பி வந்தபோது, சமையல்கட்டில் ஒரு புது எவர்சில்வர் குடம் முகம் தெரிய மின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பீரோவுக்குப் பக்கத்தில் மூட்டையைக் காணோம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பழைய துணிக்குப் பாத்திரம் போடுகிற பெண்கள் தலையில் கூடையோடு தெருத் தெருவாக வருவார்கள். கிழிந்த பேன்ட், வெளுத்த சட்டை, நைந்த புடவை கொடுத்தால் கரண்டி, டிபன் பாக்ஸ், தட்டு என்று எடுத்துக் கொடுப்பார்கள். அது வீட்டுப் பெண்களின் சாமர்த்தியத்துக்கு ஒரு பரீட்சை. யார் குறைந்த துணிக்குப் பெரிய பாத்திரம் வாங்கினார்கள் என்று தெருவே பேசும். அண்ணி குடம் வாங்கியிருந்தாள். முதல் வகுப்பில் பாஸ்.

“அந்த மூட்டைய என்ன பண்ணீங்க அண்ணி?”

“அந்தக் கந்தலா? அதுக்கு அவ டபராகூடத் தர மாட்டேன்னுட்டா. மாமாவோட ரெண்டு பேன்ட்டையும் சேர்த்துப் போட்டுத்தான் குடம் வாங்கினேன். நீ பிளாஸ்டிக் குடத்துல தண்ணி தூக்குறியே, உனக்காகத்தான்.”

எனக்காகத்தான். எந்தப் புடவைகளை அலசுவதற்காக இடுப்பு ஒடியத் தண்ணீர் தூக்கினேனோ, அந்தப் புடவைகளைக் கொடுத்துவிட்டு எனக்குத் தண்ணீர் தூக்க ஒரு குடம். இதை அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில் செய்கிறவர்களிடமிருந்துதான் முதலில் தப்பிக்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அண்ணி அழுதாள். அண்ணனுக்கு ஆள் போய், அவன் வந்து என்னைத் திட்டினான். “நாலு பழைய துணிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? கல்யாண வீடு இது.” அப்பா மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “என் பேன்ட்டு ரெண்டும் போயிடுச்சா?” என்று கேட்டார்.

அம்மாவின் உடம்பில் இருந்தது ஃபாரின் புடவை, அண்ணி வந்திருக்கிறாள் என்பதற்காக. மாற்றிக்கொள்ள வேறு எதுவும் வீட்டில் இல்லை. நான் கட்டிக்கொண்டிருந்ததை அவிழ்த்துக் கொடுத்தேன். அது கட்ட ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, இன்னும் சுரசுரப்பு போகவில்லை. அன்றைக்கு ராத்திரி அம்மா தரையில் உட்கார்ந்தபடியே, சுவரில் சாயாமல் தூங்கினாள்.

அந்தப் பாத்திரக்காரி வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பழைய துணியை விரித்துப் போட்டு விற்பாள் என்று எதிர் வீட்டம்மா சொன்னார்கள். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். ரயிலில் எல்லோரும் என்னையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருத்தர், “குடம் நல்லா கனமா இருக்கும்மா, எங்க வாங்கின?” என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சந்தையில் கோழி, நாய்க்குட்டி, பழைய ஃபேன், துருப்பிடித்த சைக்கிள் எல்லாம் தாண்டி, ஒரு மூலையில் அவளைக் கண்டுபிடித்தேன். ஒரு பக்கம் பேன்ட் சட்டைகள் அடுக்கியிருந்தன. இன்னொரு பக்கம் கோணியில் கட்டிய பெரிய பொதி. குடத்தை அவள் முன்னால் வைத்தேன்.

“ஏம்மா, புதன்கிழமை கிழக்குத் தாம்பரத்துல நூல் புடவை மூட்டை ஒண்ணு வாங்கினீங்களே, அதைத் திருப்பிக் குடுங்க. குடத்தை எடுத்துக்கோங்க.”

“இன்னாமா இது? யாவாரம் முடிஞ்சு போச்சு, இப்ப வந்து குடத்த நீட்டிகினு நிக்கிற? உங்க வூட்டுப் பொண்ணுதான் குடுத்துச்சு. நா இன்னா திருடிகினா வந்தேன்?”

“அதெல்லாம் தெரியும். புடவை எங்க?”

“காட்டனா? அத்த எவன் கட்டுவான், அல்லாம் நைஞ்சு கீது. லாரி ஷெட்டுக்குப் போட்டுட்டேன், எண்ணெ தொடைக்க. மிச்சம் அதோ கீது பாரு. பேஜாரா பூச்சு உன்னாண்ட.”

பொதியை அவிழ்த்தேன். புடவைகளைக் கைக்குட்டை அளவுக்குச் சதுரம் சதுரமாகக் கிழித்து அடுக்கியிருந்தாள். மற்ற இடமெல்லாம் நேர்கோடாகக் கிழிந்திருந்தது. நான் இழை ஓட்டிய இடங்களில் மட்டும் கிழிய மாட்டேன் என்று நின்று, கிழிசல் வளைந்து வேறு பக்கம் போயிருந்தது. ஒரு துண்டில் கத்தரிக்கோல் போட்டிருந்தாள். அம்மாவின் இடுப்பு, அம்மாவின் தோள் என்று ஒவ்வொரு துண்டையும் எனக்கு அடையாளம் தெரிந்தது. அதை வைத்து ஒரு ஷெட்டில் யாரோ கிரீஸ் துடைக்கப் போகிறார்கள். பொதியின் அடியில் கிழிக்காமல் முழுசாக இரண்டு இருந்தன. ஒன்றில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை.

“இந்த ரெண்டுதான் கீது. எடுத்துகினு போ. குடம் உன்துதான், அத்தயும் எடுத்துகினு போயேன், மன்சு கேக்கல” என்றாள்.

குடத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குடத்தில் தண்ணீர் குடித்தால் எனக்கு இறங்குமா?

வீட்டுக்கு வந்ததும் குடம் எங்கே என்று இரண்டாவது ரகளை. அதை எழுதி என்ன ஆகப்போகிறது. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது, எனக்கு வேறு வேலை இருந்தது. கூறைப் புடவையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். “ஃபால்ஸ் தைக்கிறேன்” என்றேன். புதுப் புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது வீட்டில் இருக்கிற பெண்ணின் வேலைதானே, யாரும் எதுவும் கேட்கவில்லை. கறை இல்லாத அந்த ஒரு நல்ல புடவையை எடுத்து வெட்டினேன். இரண்டே இரண்டு மிஞ்சியதில் ஒன்றை என் கையாலேயே வெட்ட வைத்துவிட்டார்களே என்ற ஆத்திரம். பட்டின் உள்பக்கத்தில், இடுப்பைச் சுற்றி வருகிற நீளத்துக்கும், தோளில் விழுகிற இடத்துக்கும், முதுகில் படுகிற ஜரிகைக்கு அடியிலும், அந்தப் பழைய பருத்தியை வைத்துத் தைத்தேன். ஜாக்கெட்டுக்கும் அதுதான் லைனிங். பட்டின் ஒரு இழையை மட்டும் ஊசி நுனியில் எடுத்து எடுத்துத் தைத்ததால் வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. அம்மாவுக்கு மட்டும் காட்டினேன். அவள் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

“அவன்கிட்ட சொல்லிடாதே” என்றாள். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

கல்யாணம் நடந்தது. கலசத் தண்ணீர் ஊற்றி, ஈர உடம்போடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கூறை கட்டிவிட்டேன். ஈரத் தோலில் ஜரிகை பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். மணையில் அசையாமல், முகம் சுளிக்காமல், தாலி கட்டி, ஆசீர்வாதம் முடிந்து, போட்டோ எடுக்கும் வரை உட்கார்ந்திருந்தாள். உறவுக்காரர்கள் வரிசையாக வந்து அண்ணன் முதுகில் தட்டினார்கள். “பிள்ளைன்னா இப்படி இருக்கணும். என்ன புடவை! என்ன லட்சணம்!” அண்ணன் குனிந்து அம்மாவிடம் கேட்டான்:

“உறுத்துதாம்மா?”

“கொஞ்சம்கூட இல்லப்பா. நல்லா இருக்கு.”

நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். யார் இலையில் ஊற்றினேன், யார் டம்ளரில் ஊற்றினேன் என்று எனக்கே தெரியாது.

அதோடு போயிருந்தால்கூட விட்டிருப்பேன். பந்தி முடிந்ததும் அண்ணன் எல்லோர் எதிரிலும் சொன்னான்: “காட்டன்தான் கட்டணும், பழசுதான் கட்டணும்னு இவ கிளப்பிவிட்டதுதான் எல்லாம். காலைல இருந்து பட்டுல உட்கார்ந்தாங்க, என்ன ஆச்சு? வர்ற ஞாயித்துக்கிழமை அம்மாவ நங்கநல்லூருக்குக் கூட்டிட்டுப் போறேன். கொஞ்ச நாள் மனுஷங்க மாதிரி உடுத்திக்கிட்டு இருக்கட்டும்.” அம்மா தரையைப் பார்த்தாள். அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். நான் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்வாள் என்று நின்றேன்.

அந்த ஞாயிறும் வந்தது. அண்ணன் வந்தான், கையில் மூன்று ஃபாரின் புடவை, அம்மாவின் துணிமணி வைக்க ஒரு சூட்கேஸ். “மூணும் கட்டிக்கட்டும், அங்க எல்லாரும் பார்ப்பாங்க” என்றான். அம்மா வழக்கம்போல் உடை மாற்ற உள்ளே போனாள். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பீரோவைத் திறந்து கூறைப் புடவையை எடுத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, அவன் மடியில் போட்டேன்.

“பாரு. நல்லாப் பாரு. உன் பட்டு அம்மா மேல படவே இல்ல. நீ கந்தல்னு சொன்னது இருக்கே, அதுதான் பட்டது.”

அவன் பார்த்தான். புரட்டிப் பார்த்தான். ஜரிகையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். அவன் முகத்தில் என்ன வரப்போகிறது என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஜரிகை பூரா ஊசி போட்டு வச்சிருக்கியே. இனிமே இது எதுக்கு ஆகும்?” என்றான்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது, அதற்குள் அம்மா வெளியே வந்தாள். ஃபாரின் புடவையில் வருவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கட்டியிருந்தது அந்த எண்ணெய்க் கறைப் புடவை. நான் எவ்வளவு தேய்த்தும் போகாத கறை, சரியாக முந்தானையில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில்.

அண்ணன் மடியிலிருந்து கூறையை எடுத்து மடித்தாள். “இது இல்லன்னா பாதியிலேயே எழுந்து ஓடியிருப்பேன்பா. எனக்கு இதுதான் ஒத்துக்குது. நான் எங்கயும் வரல” என்றாள்.

“அப்ப நல்லா இருக்குன்னு ஏன் சொன்ன?”

“நீ ஆசையா வாங்கினியே.”

அவன் சூட்கேஸையும் மூன்று புடவையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். காபிகூடக் குடிக்கவில்லை. கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு அம்மா எண்ணெய் கேட்கவில்லை.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம்தான். “இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னம்மா? என்னை எத்தனை பேர் என்னென்ன சொன்னாங்க. மூட்டையே போச்சு. இத்தனை நாள் வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று கத்தினேன்.

அம்மா கூறையைப் பீரோவில் வைத்துவிட்டுத் திரும்பினாள். “நான் வாயால மறைச்சேன். நீ ஊசியால மறைச்ச. ஒரு கிழிசலாவது வெளியே தெரிய விட்டியா? நான் கிழிசல் கட்டினா அவனுக்கு அவமானம்னு நினைச்சு, நீயும்தானே ராத்திரி பகலா தெரியாம தைச்ச? அப்புறம் அவனுக்கு எப்படிடி தெரியும்?” என்றாள்.

என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை. உறுத்தக் கூடாது என்றுதான் தைத்தேன், மறைக்க இல்லை.

அடுத்த வாரமே அந்தக் கறைப் புடவை தோளில் கிழிந்தது, பின் குத்துகிற இடத்தில். வழக்கம்போல் உள்தலைப்பிலிருந்து இழை உருவ உட்கார்ந்தேன். வெளிர் நீல இழை. ஊசியில் கோத்தவள் அதை அப்படியே உருவிப் போட்டேன். என்னுடைய பழைய சிவப்புப் புடவையில் மிஞ்சிய துண்டு ஒன்று தையல் பெட்டியில் கிடந்தது, துவைத்துத் துவைத்துச் சாயம் இறங்குவது நின்றுபோனது. அதிலிருந்து இழை எடுத்தேன். அதே மெத்தென்ற பருத்தி, அம்மாவின் தோளுக்கு ஒன்றும் செய்யாது. வெளிர் நீலத்தில் ரத்தச் சிவப்பாக, குறுக்கும் நெடுக்குமாக, தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி தைத்தேன். அம்மா அதைக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள், கோயிலுக்குப் போனாள், ஒரு கல்யாணத்துக்கும் போனாள்.

அண்ணன் சில மாதம் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு வந்தான். அம்மாதான் கதவைத் திறந்தாள். அவன் கண் நேராக அந்தத் தோளில் போய் நின்றது.

“என்னம்மா இது, இப்படிப் பளிச்சுன்னு தெரியுது?” என்றான்.

“தெரியட்டும்னுதான்பா. உள்ள வா” என்றாள் அம்மா.